74 விநாடிப் படத்துக்கு 180 மணி நேரம்: வீட்டில் எடுத்த ஒரு ஸ்டாப் மோஷன் படத்தின் நேரக் கணக்கு

பின்னணி

திருச்சியில் ஒரு குடும்பம். அப்பா முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே தெருமுனையில் டீக்கடை நடத்துகிறார். மகன் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார், மகள் பள்ளி ஆசிரியை. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஏப்ரல் 28 என்று நாள் குறித்தாயிற்று. அப்பா விடிகாலையில் கடை திறந்து முதல் டீ ஆற்றுவதைக் களிமண் பொம்மைகளை வைத்துச் சின்னப் படமாக எடுத்து, அன்று மண்டபத்தில் போட்டுக் காட்ட வேண்டும் என்று அண்ணனும் தங்கையும் ஆசைப்பட்டார்கள். அப்பாவுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும்.

இருவருக்கும் இந்த வேலை முற்றிலும் புதிதல்ல. தங்கை பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பென்சிலும் ரப்பரும் நகர்கிற மாதிரி பத்து விநாடி, பதினைந்து விநாடிப் படங்கள் எடுத்திருக்கிறார். அண்ணனுக்குக் கைவேலை நன்றாக வரும். கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில் என்பதால் ஜனவரி இரண்டாம் வாரம் என்னிடம் வந்து, "எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேட்டார்கள். நான் சொன்ன பதில் தவறு. அது எங்கே தவறியது என்பதை எழுதி வைத்தால் இந்த ஆசையோடு இருக்கும் மற்றவர்களுக்கு உதவும் என்றுதான், அவர்கள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். தங்கை ஒவ்வொரு நாளும் ஒரு நீள நோட்டில் தொடங்கிய நேரம், முடித்த நேரம், எடுத்த ஃபிரேம் (பொம்மையை ஒருமுறை நகர்த்தி எடுத்த ஒரு தனிப் படம்), அதில் தேறிய ஃபிரேம் என்று குறித்து வைத்திருந்தார். கீழே வரும் எண்கள் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை.

முதலில் போட்ட கணக்கு

ஸ்டாப் மோஷன் என்றால் பொம்மையை இம்மி நகர்த்தி ஒரு படம், மறுபடி இம்மி நகர்த்தி ஒரு படம். எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினால் பொம்மை அசைவது போலத் தெரியும். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஸ்டாப் மோஷனில் ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துக்கொள்வது பழைய வழக்கம், ஆகவே விநாடிக்கு 12 படம் எடுத்தால் போதும். அண்ணனுக்கு 24 வேண்டும் என்று ஆசை. வேண்டாம், 12 போதும் என்று சொன்னேன். அந்த ஒரு ஆலோசனை மட்டும் கடைசிவரை சரியாக இருந்தது.

படம் 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். 120 விநாடி, விநாடிக்கு 12, ஆக 1,440 ஃபிரேம். ஃபிரேமுக்கு ஒரு நிமிடம் என்றால் 24 மணி நேரம். வாரநாளில் தினமும் ராத்திரி ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்தில் ஷூட்டிங் முடிந்துவிடும். பொம்மையும் செட்டும் செய்ய இரண்டு வாரம், எடிட்டிங் ஒரு வாரம். கையில் பதினைந்து வாரத்துக்கு மேல் இருந்ததால் தாராளம் என்று சொல்லி அனுப்பினேன்.

இந்தக் கணக்கில் பெருக்கல் தப்பில்லை. பொம்மையைத் தொடுவதற்கு முன்னால் ஆகும் நேரம் அதில் இல்லை, அவ்வளவுதான். அது எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது தெரியாது.

பொம்மையும் செட்டும்: ஜனவரி 10 முதல் பிப்ரவரி 10 வரை

இரண்டு வாரம் என்று நினைத்தது ஒரு மாதம் ஆனது. நோட்டுப்படி 61 மணி நேரம். டீ மாஸ்டர் பொம்மையின் உடம்புக்குள் அலுமினியக் கம்பியை முறுக்கி எலும்பு வைத்தார்கள், அதன் மேல் ஸ்பாஞ்சு, மேலே பழைய லுங்கித் துணியில் தைத்த சட்டையும் வேட்டியும். முகமும் கையும் மட்டும் எண்ணெய்க் களிமண். கால் அடியில் ஒரு நட்டைப் பதித்து, பிளைவுட் தரையில் துளை போட்டு, கீழேயிருந்து போல்ட்டால் இறுக்கினார்கள். அப்படி இறுக்காமல் நிற்க வைத்தால் கையைத் தொட்டதுமே பொம்மை சாய்ந்துவிடும்.

கடை அட்டையில் எழுந்தது. பாய்லர் ஒரு தகர டப்பா. வாசலில் ஒரு நாய்.

முதல் நான்கு வாரம்: பிப்ரவரி 11 முதல் மார்ச் 10 வரை

அப்பா எட்டரை மணிக்குப் படுத்து மூன்றரைக்கு எழுகிறவர். ஆகவே ராத்திரி 9:30 முதல் 11 வரை ஷூட்டிங். கீழ்வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேஜை மேல் செட்டை வைத்து, அண்ணனின் போனை ஸ்டாண்டில் மாட்டி, ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ என்கிற செயலியில் எடுத்தார்கள். முந்தைய படத்தை அது மங்கலாக மேலே காட்டும், எவ்வளவு நகர்த்தினோம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

நான்கு வாரத்தில் 19 அமர்வு, 28 மணி 30 நிமிடம். எடுத்தது 310 ஃபிரேம். தேறியது 140. அதாவது பன்னிரண்டு விநாடிகூட இல்லை.

மார்ச் முதல் வாரத்தில் தங்கை எனக்குப் போன் செய்தார். "அண்ணா, நாங்க ரொம்ப மெதுவா இருக்கோமா?" என்று கேட்டார். குரலில் அழுகை இருந்தது. இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கும் நேரம் பிடிக்கிற வேலைதான் இது என்று சொன்னேன். ஸ்டாப் மோஷன் கலைஞர் ரே ஹாரிஹவுசன் 1963-ல் வெளிவந்த ஒரு படத்துக்காக எலும்புக்கூடுகள் வாள் வீசும் ஒரே ஒரு சண்டையை அசைக்க நான்கு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். களிமண் பொம்மைப் படங்கள் எடுக்கும் நிக் பார்க் மாணவராக இருந்தபோது 1982-ல் தொடங்கிய படம் அரைமணி நேரம்கூட ஓடாது. இடையில் 1985-ல் அவர் இங்கிலாந்தின் ஆர்ட்மான் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார், படம் முடிந்தது 1989-ல். இதைக் கேட்டதும் தங்கை கொஞ்சம் தெளிந்தார். ஆனால் நமக்கு ஏழு வருடம் கிடையாது, ஏழு வாரம்தான் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டையும் எடுத்த ஃபிரேம்களையும் பார்க்க நேரில் போனேன்.

நேரில் பார்த்தது

அன்று ராத்திரி ஒரு அமர்வு முழுக்க ஓரமாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேஜையைத் துடைத்து, அலமாரி மேலிருந்து செட்டை இறக்கி, போன தடவை பென்சிலால் போட்ட கோட்டில் வைக்க 8 நிமிடம். ஸ்டாண்டில் போனை மாட்டி, நேற்றைய கடைசிப் படத்தோடு இன்றைய காட்சி பொருந்தும்வரை ஸ்டாண்டைத் தள்ளித் தள்ளி நிறுத்த 19 நிமிடம். விளக்கைப் பழைய கோணத்துக்குத் திருப்ப 9 நிமிடம். பொம்மையின் விரலில் முந்தைய நாள் வந்த விரிசலைத் தடவிச் சரிசெய்ய 8 நிமிடம். முதல் ஃபிரேம் எடுத்தபோது மணி 10:14. 90 நிமிட அமர்வில் பாதி போய்விட்டது. இது அன்றைக்கு மட்டும் நடந்ததல்ல. தங்கை முதல் ஃபிரேம் எடுத்த நேரத்தையும் குறித்திருந்ததால் சராசரி பார்க்க முடிந்தது: அமர்வுக்கு 45 நிமிடம்.

இதன் காரணம் எளிமையானது. அண்ணனுக்கு ஒரே போன். காலையில் ஆபீசுக்கு அது வேண்டும். ஆகவே தினமும் கழற்றி, தினமும் மாட்டினார்கள். மேஜையும் காலையில் சாப்பிட வேண்டியது. அதோடு அப்பா கண்ணில் எதுவும் பட்டுவிடக் கூடாது. எத்தனை கவனமாகப் பொருத்தினாலும் நேற்றைய காட்சிக்கும் இன்றைய காட்சிக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தது. ஓட்டிப் பார்த்தால் அந்த இடத்தில் கடையே ஒரு குதி குதித்தது. வீணான 170 ஃபிரேமில் பெரும்பகுதி இந்தக் குதியை மறைக்க முயன்று திரும்ப எடுத்தவைதான்.

இரண்டாவது, வெளிச்சம் மினுங்கியது. இதற்கு மூன்று காரணம் ஒன்றுசேர்ந்திருந்தது. போன் ஒவ்வொரு படத்துக்கும் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தது. எல்.இ.டி. பல்பு நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு நூறு தடவை ஏறி இறங்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, வேகமான ஷட்டரில் (கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம் மிகக் குறைவாக வைத்து) எடுத்தால் படத்துக்குப் படம் மாறி விழும். மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் வெகுநேரம் ஆனது. அண்ணன் வெள்ளை பனியனோடு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் குனிந்தபடி எடுத்த படத்தில் டீ மாஸ்டரின் கன்னம் வெளுத்திருந்தது, பின்னால் சாய்ந்து எடுத்த படத்தில் கறுத்திருந்தது. பனியனில் பட்ட வெளிச்சம் பொம்மை மேல் திரும்பி விழுந்திருக்கிறது.

மூன்றாவது சூடு. பொம்மையின் துணி அசைந்துவிடும் என்பதால் ஃபேனை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். மார்ச் மாதத் திருச்சியில் ஃபேன் இல்லாத அறையில், விளக்குக்கு அடியில், எண்ணெய்க் களிமண் அரைமணி நேரத்தில் குழைந்துவிடுகிறது. விரல் நிற்கவில்லை, தலை மெல்ல மெல்லத் தொங்கியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று ராத்திரியே உட்கார்ந்து பேசினோம். முதலில் முடிவானது இடம். மாடியில் கடைச் சரக்கு வைக்கும் சின்ன அறை இருந்தது. சர்க்கரை மூட்டை, டீத்தூள் பெட்டி, பழைய பாத்திரம். சரக்கு எடுக்கப் போவது எப்போதும் அம்மாதான். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்கள். "அவர் மாடி ஏறாம நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர். கடைசிவரை பார்த்துக்கொண்டார். அந்தத் துணை இல்லாவிட்டால் இந்தப் படமே இல்லை என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது போன். அம்மாவின் பழைய போன் ஒன்று ஸ்கிரீன் ஓரம் விரிசல் விட்டு அலமாரியில் கிடந்தது. கேமரா நன்றாகவே இருந்தது. சிம் இல்லாமல் அதை ஸ்டாண்டில் மாட்டி, ஸ்டாண்டின் மூன்று காலையும் எம்-சீல் வைத்துத் தரையோடு ஒட்டிவிட்டார்கள். சார்ஜர் ஒயரை ஸ்டாண்டின் காலோடு டேப் போட்டுக் கட்டினார்கள், ஒயர் இழுத்தால்கூடப் போன் அசையும். ஸ்கிரீனைத் தொடாமல் எடுக்க ஒரு புளூடூத் ரிமோட். ஏப்ரல் 20 வரை அந்தப் போனை யாரும் கழற்றவில்லை.

வெளிச்சத்துக்கு, ஃபோகஸ், வெளிச்ச அளவு, வொயிட் பேலன்ஸ் (நிறச் சாயல்) எல்லாவற்றையும் ஆட்டோவிலிருந்து எடுத்து நிறுத்தி வைத்தோம். ஷட்டரை விநாடியில் 50-ல் ஒரு பங்குக்கு வைத்தோம். அந்த நேரத்துக்குள் பல்பின் இரண்டு முழுத் துடிப்பு அடங்கிவிடும், ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு வெளிச்சம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. இருவரும் அடர்நிறச் சட்டை, படம் எடுக்கும்போது தரையில் டேப் ஒட்டிய அதே இடத்தில் நிற்பது. சூட்டுக்கு, டீ மாஸ்டருக்கு இன்னொரு ஜோடிக் கையும் இன்னொரு தலையும் செய்து ஃப்ரிட்ஜில் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை மாற்றினார்கள்.

அமர்வின் நீளத்தையும் மாற்றினோம். தினமும் ஒன்றரை மணி நேரம் என்பதை விட்டுவிட்டு, வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். அண்ணன் இரண்டு நாள் லீவு போட்டார்.

மிகவும் வலித்த முடிவு கதையைக் குறைத்தது. அந்த வேகத்தில் இரண்டு நிமிடம் வராது என்று நோட்டே சொன்னது. முதலில் எழுதிய கதையில் நாய் தெருவைக் கடந்து வந்து கடை வாசலில் படுக்கும். நாலு காலும் ஒன்றுக்கொன்று பொருந்தி நடக்க வைப்பது பழகியவர்களுக்கே கஷ்டம். ஆகவே நாய் ஆரம்பத்திலிருந்தே படுத்திருக்கட்டும், காதும் வாலும் மட்டும் அசையட்டும் என்று வைத்தோம். பேப்பர் போடும் பையன் சைக்கிளில் வரும் காட்சியையும் நீக்கிவிட்டோம். தங்கை அந்தச் சைக்கிளைக் கம்பியில் ஒரு வாரம் உட்கார்ந்து செய்திருந்தார். கதையை 75 விநாடிக்குக் கொண்டுவந்தோம்.

டீ ஆற்றும் மூன்று விநாடி

டீ ஆற்றும் காட்சியை மட்டும் குறைக்கக் கூடாது என்பதில் இருவரும் ஒரே பிடியாக இருந்தார்கள். அப்பா என்றால் அந்தக் கைதான். மேலே குவளை, கீழே கிளாஸ், நடுவில் ஒரு முழம் நீளத்துக்கு டீ. மூன்று விநாடி, 36 ஃபிரேம்.

தண்ணீரை ஸ்டாப் மோஷனில் காட்ட முடியாது, அது நமக்காக நிற்காது. முதலில் பழுப்பு நிற உல்லன் நூலைக் கட்டிப் பார்த்தார்கள். நூலின் மயிர் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பக்கம் நின்று, டீ புசுபுசுவென்று தெரிந்தது. செல்லோஃபேன் தாளை முறுக்கினார்கள், மிட்டாய்ப் பொட்டலம் மாதிரி மின்னியது. இரண்டு அமர்வு இப்படிப் போனது.

பிறகு அண்ணன் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, அதில் தேங்காய் எண்ணெய் தடவி, குளூ கன்னால் ஒரு கோடு இழுத்தார். ஆறியதும் உரித்தால், மேலே தடித்து, நடுவில் மெலிந்து, கீழே விரிந்து, உண்மையான டீ விழுகிற வாகில் ஒரு கண்ணாடி இழை வந்தது. பழுப்பு வண்ணத்தை லேசாகத் தடவியதும் வெளிச்சம் ஊடுருவி உள்ளே சிவந்தது. ஒன்றுக்கொன்று சற்று வேறான ஆறு இழை செய்து, ஒன்று முதல் ஆறு வரை நம்பர் போட்டு, வரிசையாக மாற்றி மாற்றி வைத்து எடுத்தார்கள். ஆறு தடவை ஆறு, 36. எடுத்து முடிக்க 4 மணி 10 நிமிடம். ஓட்டிப் பார்த்தபோது தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

பின்னர் நடந்தது

மார்ச் 11 முதல் ஏப்ரல் 20 வரை 22 அமர்வு, 68 மணி 30 நிமிடம். எடுத்தது 1,000 ஃபிரேம், தேறியது 748. தயார் செய்யும் நேரம் அமர்வுக்குச் சராசரி 35 நிமிடம். அதில் பெரும்பகுதி பொம்மைக்குக் கை, தலை மாட்டியதும் களிமண் பழுது பார்த்ததும்தான். முன்பு அமர்வில் பாதியை விழுங்கியது இப்போது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. முதல் நான்கு வாரத்தில் தேறிய ஒரு ஃபிரேமுக்கு 12 நிமிடம் ஆகியிருந்தது, மாற்றத்துக்குப் பிறகு ஐந்தரை நிமிடம். இரண்டு கட்டத்திலும் நகர்த்தியது அதே கைகள்தான். பொம்மையை நகர்த்திப் படம் எடுக்கும் வேகம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது.

இடையில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் இல்லை, ஒரு அமர்வு போனது. இன்னொரு நாள் பூனை ஒன்று ஜன்னல் வழியாக வந்து பாய்லரைத் தள்ளிவிட்டது. கடைசி வாரங்களில் அண்ணனுக்கு இடுப்பு வலி பிடித்துக்கொண்டது. உயரமான ஸ்டூல் ஒன்றை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

எடிட்டிங், ஒலி இரண்டுக்கும் 22 மணி நேரம். ஒலிக்காகத் தங்கை ஒரு வாரம் விடிகாலை கடைக்குப் போய், போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாய்லரின் சீறலையும் கிளாஸ் மோதும் சத்தத்தையும் பதிவு செய்தார். "என்ன பாப்பா, இவ்வளவு சீக்கிரம்?" என்று அப்பா கேட்டதற்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னாராம்.

முழுக் கணக்கு இது. பொம்மையும் செட்டும் 61 மணி, ஷூட்டிங் 97 மணி, எடிட்டிங் 22 மணி. ஆக 180 மணி நேரம். கிடைத்தது 888 ஃபிரேம், 74 விநாடி. ஒரு விநாடிப் படத்துக்கு ஏறத்தாழ 2 மணி 25 நிமிடம்.

ஏப்ரல் 28 அன்று மண்டபத்தில் படம் ஓடியது. இரண்டு தடவை போடச் சொன்னார்கள், மூன்றாவது தடவை அப்பாவே கேட்டார். அப்புறம் மகனைக் கூப்பிட்டு, பாய்லரின் குழாய் வலது பக்கம் இருக்கிறது, நம் கடையில் இடது பக்கம்தானே என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். அந்தக் குழாயை மாற்றியிருந்தால் எத்தனை ஃபிரேம் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

படத்தைத் தொடங்கும் முன் ஐந்து விநாடி, அதாவது 60 ஃபிரேம், அதே அறையில் அதே பொம்மையை வைத்து எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதை ஒரே நாளில் எடுக்கக் கூடாது. இரண்டு மூன்று அமர்வாகப் பிரித்து எடுத்திருந்தால் குதியும் மினுக்கமும் முதல் வாரத்திலேயே வெளியே வந்திருக்கும், 28 மணி நேரத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

கணக்கையும் ஃபிரேமை வைத்துப் போடக் கூடாது, அமர்வை வைத்துப் போட வேண்டும். கழற்றாத கேமராவும் கலைக்காத செட்டும் இருந்தால், மூன்று மணி நேர அமர்வுக்கு இவர்களுக்கு 34 ஃபிரேம் தேறுகிறது. மூன்று விநாடிக்குச் சற்றுக் குறைவு. இன்னொருவருக்கு இது 20 ஆகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம். தன் எண் எது என்று அந்த ஐந்து விநாடிச் சோதனையில் அவரவர் தெரிந்துகொள்ளலாம். வீட்டில் ஒரு மூலையை ஒன்றரை மாதம் யாரும் தொடாமல் விட முடியாது என்றால், ஒரே அமர்வில் முடிகிற துண்டுக் காட்சிகளாகக் கதையை எழுதுவதுதான் வழி. அமர்வு மாறும் இடத்தில் கோணமும் மாறினால் குதி தெரியாது.

ஃபிரேமுக்கு ஒரு நிமிடம் என்று யாராவது என்னிடம் கேட்டு வந்தால், இப்போது நான் நோட்டைக் காட்டுகிறேன்.

மாடி அறையில் ஸ்டாண்டு இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது. அப்போது ஒதுக்கிவைத்த சைக்கிளை வைத்து அடுத்த படம் எடுக்கப்போகிறார்கள். பேப்பர் போடும் பையன், 15 விநாடி. புது நோட்டின் முதல் பக்கத்தில் தங்கை எழுதியிருப்பது: "180 ஃபிரேம். 6 அமர்வு. சைக்கிள் சக்கரத்துக்குத் தனியாக 1."